அந்த மாத்திரை பாவமா?



சில வாரங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி என்னைத் தேடி அறைவீட்டுக்கு வந்தாள். பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல, ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிவதற்காக. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள் யார், எந்தத் தெரு என்று நீங்கள் விசாரிக்க வேண்டாம். ஏனெனில் இன்று அவள் கேட்டதை நாளை உங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்கக்கூடும்.

அவளுக்கு வயது 34. ஒரே பிள்ளை. மார்பில் கட்டி கண்டு, ஆப்பரேஷன் முடிந்து, மற்றச் சிகிச்சைகளும் முடிந்தன. அதன்பின் டாக்டர் அவளுக்குத் ‘தமோக்ஸிஃபென்’ என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்றாக 5 வருஷம் சாப்பிட வேண்டும், அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவளும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தாள். ஒரு நாள் நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து, “அது கர்ப்பத்தடைக்கென்று கண்டுபிடித்த மாத்திரையாமே! ஞாயிறு தவறாமல் நன்மை வாங்குகிற நீ அதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அந்த மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள், 40 நாள் அதைத் தொடவில்லை.

“சாமி, உயிர் பிழைக்க ஆசைப்பட்டு ஆத்துமத்தை இழந்துவிடுவேனோ?” என்பதே அவளுடைய கேள்வி.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். சரீரத்தைவிட ஆத்துமத்தைப் பெரிதாக மதிக்கிற ஒருத்தியின் கேள்வி இது. ஆனாலும் நல்ல மனதும் தவறான முடிவுக்கு வரக்கூடும். அறியாமையால் ஒருத்தி மருந்தை நிறுத்தி, அதனால் ஒரு பிள்ளை தாயை இழந்தால், அந்தப் பழியில் நமக்கும் பங்குண்டு. ஆகையால் அந்த மாத்திரை என்ன வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது, திருச்சபை இதைப் பற்றி என்ன போதிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாத்திரையின் வேலை

ஒரு சிறுமி வளர்ந்து தாயாகும் தகுதி பெறுவதற்கென்று சர்வேசுரன் அவளுடைய சரீரத்தில் வைத்திருக்கிற ஒழுங்கு அதிசயமானது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்தோடு கலந்து மார்பகத்துக்கும் கருப்பைக்கும் போகிறது. அங்கே பல உயிரணுக்களுக்குள் ‘ஈஸ்ட்ரோஜன் ஏற்பி’ என்ற ஒன்று அதற்காகக் காத்திருக்கிறது. விஞ்ஞானிகள் இதைப் ‘படியெடுத்தல் காரணி’ என்ற வகையில் சேர்க்கிறார்கள்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பழைய பண்ணை வீட்டுக் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரணுவின் நடுவே மரபணுக்கள் என்னும் பெரிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. வேண்டிய பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள உத்தரவைப் படியெடுத்து வேலைக்கு அனுப்பச் செய்கிறவர் இந்தக் கணக்குப்பிள்ளை. ஆனால் எஜமானிடமிருந்து ஆள் வராமல் அவர் புத்தகத்தைத் தொடமாட்டார். அந்த ஆள்தான் ஈஸ்ட்ரோஜன். அது வந்து உட்கார்ந்ததும் ‘வளர்’ என்ற உத்தரவு போகிறது. மார்பகம் வளர்வதும், கருப்பை குழந்தையை ஏற்க ஆயத்தமாவதும் இவ்விதமே.

மார்பகப் புற்றுநோய்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றேறக்குறைய, இந்தக் கணக்குப்பிள்ளையைக் கெட்ட வழியில் பயன்படுத்திக்கொள்கின்றன. தாய்மைக்காக வைக்கப்பட்ட அதே உத்தரவைக் கொண்டு புற்று வளர்கிறது. தமோக்ஸிஃபென் உள்ளே போய், ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்ளுகிறது. ஆள் வந்தும் இடமில்லை. மார்பகத்தில் அந்தப் பக்கம் திறக்கப்படுவதில்லை. புற்று பட்டினி கிடக்கிறது. ஏற்பி உள்ள புற்றுநோய்க்கு இதை 5 வருஷம் சாப்பிட்டவர்களுள், அந்நோயால் வரும் மரணம் 15 வருஷக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று பெரிய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மூன்று தாய்மார் சாகவேண்டிய இடத்தில் ஒருத்தி பிழைக்கிறாள். இது அற்பக் காரியமா?

மாத்திரையின் பிறப்பு

இனி அந்த உறவினர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பொய்யல்ல. 1962-ம் வருஷம் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி இந்தப் பொருளைத் தயாரித்தார். ஆர்தர் வால்போல் என்பவரின் தலைமையில் நடந்த அந்த ஆராய்ச்சியின் நோக்கம் கர்ப்பத்தைத் தடுப்பதே. எலிகளில் மருந்து எதிர்பார்த்தபடியே கர்ப்பத்தைத் தடுத்தது. ஆனால் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அது சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது! கர்ப்பத்தடைக்கென்று செய்த மருந்து அந்த வேலைக்கு உதவாமற் போயிற்று. பிற்பாடு, பிள்ளையில்லாத பெண்களுக்குக் கர்ப்பம் உண்டாக உதவும் மருந்தாகவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

வால்போலுக்குப் புற்றுநோயிலும் அக்கறை இருந்தது. முன்னமே, 1896-ம் வருஷம், கிளாஸ்கோ நகரத்து டாக்டர் ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்று முற்றிய பெண்ணின் சினைப்பைகளை எடுத்தபின் புற்று சுருங்கியதை வைத்திய உலகத்துக்கு அறிவித்திருந்தார். அறுத்தெடுப்பதால் வரும் பலனை ஒரு மாத்திரையால் பெறமுடியாதா? மான்செஸ்டர் நகரத்திலுள்ள கிறிஸ்டி மருத்துவமனையில் நோய் முற்றியிருந்த 46 பெண்களுக்குத் தமோக்ஸிஃபென் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குக் குணம் கண்டதாக 1971-ல் அறிவித்தார்கள். 1973-ல் இங்கிலாந்திலும், 1977-ல் அமெரிக்காவிலும் அது மார்பகப் புற்றுநோய் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடமுண்டு.

பாருங்கள் அன்பர்களே, தாய்மையைத் தடுக்க மனிதன் செய்த பொருள், தாய்மாரைக் காக்கும் மருந்தாகிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் தள்ளிய கல் மூலைக்கல்லாவது சர்வேசுரனுடைய பராமரிப்பில் புதிதல்ல. செய்தவனுடைய முதல் நோக்கம் மருந்தின்மேல் கறையாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கொலை செய்யத் தீட்டிய கத்தியைக் கொண்டு ஒருவன் ஏழைக்கு அப்பம் அறுத்துக் கொடுத்தால் அப்பத்தில் பாவமில்லை. தூளுக்கும் குளிகைக்கும் புண்ணியமுமில்லை, பாவமுமில்லை. அதைக் கையில் எடுக்கிற மனிதன் செய்யும் செயலுக்கே உண்டு.

திருச்சபையின் போதனை

அப்படியானால் நல்ல நோக்கம் இருந்தால் எதையும் செய்யலாமா என்று கேட்பீர்கள். இல்லை. நன்மை வரும் என்று தீமையைச் செய்ய ஒருவனுக்கும் அனுமதியில்லை. ஆனால் ஒரே செயலால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் சேர்ந்து வரக்கூடும் என்பதை அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். தன்னைக் கொல்ல வருகிறவனைத் தடுத்து ஒருவன் உயிரைக் காத்துக்கொள்ளுகிறான். அதில் எதிரி இறந்துபோகலாம். அவன் கருதினது தன் உயிரைக் காப்பதை. எதிரியின் சாவை அல்ல. இதிலிருந்து திருச்சபையின் அறிஞர்கள் நான்கு நிபந்தனைகளை வகுத்தார்கள். செய்யும் செயல் தன்னிலே தீயதாக இருக்கக் கூடாது. நன்மையையே கருத வேண்டும். தீமையை வழியாகக் கொண்டு நன்மையை அடையக் கூடாது. தீமையைப் பொறுத்துக்கொள்ளத் தக்க பெரிய காரணம் இருக்க வேண்டும்.

நம் சகோதரியின் மாத்திரையை இந்த நான்கு படிகளிலும் நிறுத்திப் பாருங்கள். மருந்து சாப்பிடுவது தீய செயலல்ல. அவள் கருதுவது நோய் திரும்பாதிருப்பதை. மார்பில் புற்று வளராமல் தடுக்கப்படுவதால் அவள் பிழைக்கிறாளே அல்லாமல், பிள்ளையில்லாதிருப்பதால் அல்ல. காரணமோ, அவளுடைய உயிர். நான்கிலும் அவள் நேராகவே நிற்கிறாள்.

பரிசுத்த பாப்பு 12-ம் பத்திநாதர் 1953 அக்டோபரில் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரை நம் காரியத்துக்கு மிகவும் கிட்டினது. புராஸ்டேட் சுரப்பியில் புற்று கண்ட ஆணின் விதைகள் நோயற்றவையாக இருந்தாலும், அவற்றின் ஹார்மோன் புற்றை வளர்ப்பதால் அவற்றை எடுக்கலாமா என்பது கேள்வி. எடுக்கலாம் என்றார் அவர். உறுப்பு முழுச் சரீரத்துக்காக இருக்கிறது. அதன் வேலையே முழுச் சரீரத்துக்கு ஆபத்தாகும்போது, வேறு வழியில்லாவிட்டால், அதை விட்டுக்கொடுக்கலாம். மறுபடியும் 1958 செப்டம்பர் 12-ம் தேதி, தாம் மரிப்பதற்கு ஒரு மாதம் முந்தி, நோய்க்கு மருந்தாக மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு அதனால் கர்ப்பம் தடைபட்டாலும் அது குற்றமாகாது என்றும், கர்ப்பத்தைத் தடுப்பதற்கென்றே சாப்பிடுவது ஆகாது என்றும் பிரித்துக்காட்டினார். பரிசுத்த பாப்பு 6-ம் சின்னப்பர் 1968 ஜூலை 25-ம் தேதியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலின் 15-ம் பிரிவில் இதையே உறுதிப்படுத்தினார். கருத்தடை ஆகாது என்று உலகமெல்லாம் எதிர்த்தபோதும் அசையாமல் சொன்ன அதே மடலில்தான் நோயாளிக்கான இந்த வார்த்தையும் இருக்கிறது. ஒரு பாதியை மட்டும் வாசித்துவிட்டு அயலாரைப் பயமுறுத்துகிறவர்கள் மறு பாதியையும் வாசிக்கவேண்டும்.

அன்றியும், இளம்வயதுப் பெண்கள் சிலருக்குச் சினைப்பையின் வேலையை நிறுத்திவைக்கும் ஊசியையும் டாக்டர்கள் போடுகிறார்கள். அதைப் போட்டிருக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கும் சக்தி தடைபடுகிறது. அதற்கும் மேற்சொன்ன நியாயமே பொருந்தும்.

ஓர் ஆட்சேபம்

“நோயைக் காரணம் சொல்லி யாரும் கர்ப்பத்தடை மாத்திரையைச் சாப்பிடலாமே?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, நம் தேசத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ‘சென்ட்குரோமான்’ என்னும் மருந்து தமோக்ஸிஃபெனின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறது. கடைகளில் ‘சஹேலி’ என்றும், அரசு மருத்துவமனைகளில் ‘சாயா’ என்றும் அதற்குப் பெயர். அது கருத்தடைக்கென்றே கொடுக்கப்படுகிறது. அதே மருந்தை, மாதவிலக்கில் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போகிற பெண்களுக்குச் சிகிச்சையாகவும் டாக்டர்கள் எழுதுகிறார்கள்.

இங்கே மனச்சாட்சி தன்னையே ஏமாற்றிக்கொள்ள இடமுண்டு. மெய்யாகவே நோய் இருந்து, அதைத் தீர்க்க மருந்து சாப்பிடுவது ஒன்று. இல்லாத நோயைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் கருதுவது வேறு. அன்றியும், கருவான உயிர் கருப்பையில் தங்கவிடாமல் இம்மருந்து தடுக்கக்கூடும் என்பதால் விஷயம் இன்னும் கனமானது. உருவான சிசுவுக்கும் ஆத்துமம் உண்டு. ஆகையால் இதை மெய்யான நோய்க்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட மணமான பெண், வேறு மருந்து உண்டா என்று முதலில் டாக்டரைக் கேட்கட்டும். வேறில்லையானால், அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் விலகியிருப்பது உத்தமம்.

1953-ம் வருஷத்து உரையிலேயே 12-ம் பத்திநாதர் இந்த வாசலை அடைத்துவிட்டார். இனி கர்ப்பம் ஆபத்து என்பதற்காக நோயற்ற கருக்குழாயை அறுக்கலாமா என்பதற்கு, ஆகாது என்றார். ஏன்? புற்று கண்டவனுடைய சுரப்பி தானாகவே ஆபத்தை விளைக்கிறது. கருக்குழாயோ யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யவில்லை. ஆபத்து, மனிதர் சுயாதீனமாய்ச் செய்யும் ஒரு செயலின் மூலமாகவே வரும். அந்தச் செயலைத் தவிர்க்க மனிதனால் கூடும். ஆகையால் கணவனைக் கேட்காமலும், அயலாரைக் கேட்காமலும், ஒவ்வொருவரும் தன்னையே இப்படிக் கேட்டுக்கொள்ளட்டும்: “எனக்கு இந்த நோய் இல்லாதிருந்தால் இந்த மருந்தைத் தேடுவேனா?” இல்லை என்று உண்மையாகச் சொல்லக்கூடியவர் சமாதானமாக இருக்கலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இனி அந்த 5 வருஷங்களைப் பற்றி. தமோக்ஸிஃபென் கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்தல்ல என்பதை நினைவில் வையுங்கள். சிலருக்கு மாதவிலக்கு தாறுமாறாகும், நின்றும் போகும். ஆனாலும் கர்ப்பம் உண்டாகக்கூடும். அப்போது மருந்து சிசுவுக்குக் கேடு செய்யும். அதற்காகவே டாக்டர் எச்சரிக்கிறார். தக்க காரணம் இருக்கும்போது, கருத்தரிக்கும் நாட்களில் விலகியிருந்து கர்ப்பத்தைத் தள்ளிவைக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. உயிருக்கு வந்த ஆபத்தைவிடத் தக்க காரணம் எது? ஆனால் நாட்கள் தாறுமாறாக இருக்கும்போது இந்த முறை இலகுவானதல்ல என்பதை நான் மறைக்கவில்லை. அதைப் பயிற்றுவிக்கத் தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் நடக்கவேண்டும். சில தம்பதிகள் சிகிச்சைக் காலம் முழுவதும் விலகியிருக்கத் தீர்மானிக்கிறார்கள்.

கணவன்மாரே, இந்தச் சிலுவையை மனைவியின் தோளில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நோவு அவளுக்கு, அறுவை அவளுக்கு, மருந்தால் வரும் உடற்சூடும் வியர்வையும் தூக்கமின்மையும் அவளுக்கு. பொறுமையாவது உங்களுடையதாக இருக்கட்டும். பீடத்தின் முன் நின்று, வியாதியிலும் சுகத்திலும் பிரமாணிக்கமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தீர்களே, அது இந்த நாட்களுக்காகத்தான்.

மாமியார்மாரே, நாத்தனார்மாரே, “இன்னொரு பிள்ளை எப்போது?” என்ற கேள்வியை அந்த வீட்டில் கேட்காதீர்கள். ஒரு மருந்தைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டதை நோயாளியின் காதில் போடுவது அன்பல்ல. சந்தேகம் உண்டானால் டாக்டரிடமோ குருவானவரிடமோ கேளுங்கள்.

இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படுகிற இளம் பெண்களுக்கும் ஓர் ஆறுதல். 2023-ல் வெளியான பல நாடுகளின் ஆராய்ச்சி ஒன்றில் 516 பெண்கள், ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் ஹார்மோன் சிகிச்சை செய்துகொண்டபின், பிள்ளைக்காக அதை 2 வருஷம்வரை நிறுத்திவைத்தார்கள். நிறுத்தியதால் அந்தக் குறுகிய காலத்தில் நோய் அதிகமாகத் திரும்பியதாகக் காணப்படவில்லை. 300-க்கு மேற்பட்டவர்கள் பிள்ளை பெற்றார்கள். நெடுங்காலப் பலனை இன்னும் கவனித்து வருகிறார்கள். இது எல்லாருக்கும் பொருந்தாது. எப்போது நிறுத்தலாம், நிறுத்தியபின் எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்பதை டாக்டரே சொல்லவேண்டும். யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. அந்த மாத்திரையால் சிலருக்கு இரத்தம் உறைதல் உண்டு. வயதான பெண்களில் சிலருக்குக் கருப்பையில் புற்று வருவதும் உண்டு. ஆகையால் வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கோ, கால் வீக்கமோ கண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

கடைசியாக, அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். “மகளே, ஐந்தாம் கற்பனை கொலை செய்யாதே என்பதோடு நின்றுவிடவில்லை, சர்வேசுரன் கொடுத்த உன் உயிரைத் தக்க விதமாய்க் காப்பாற்று என்றும் அதற்கு அர்த்தம். நீ பாவத்துக்குப் பயந்து மருந்தை நிறுத்தினாய். அறியாமல் செய்ததால் உன்மேல் குற்றமில்லை. ஆனால் அறிந்தபின் காரணமில்லாமல் அதை நிறுத்துவதுதான் தவறாகும். நல்ல சமாரியன் காயம்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தானே. அந்தத் திராட்சரசத்தை யார் எதற்காகப் பிழிந்தார்கள் என்று நம் ஆண்டவர் சொல்லவில்லை. காயம் கட்டப்பட்டது, அதுவே அவர் சொல்ல வந்தது.”

அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “டாக்டரிடம் 40 நாள் விட்டதைச் சொல்லவேண்டுமா சாமி?” என்று கேட்டாள். “முதலில் அதைச் சொல்” என்றேன். மறு வாரமே போய்ச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் கடிந்துகொள்ளாமல், மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாராம். மாத்திரை அட்டை இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இல்லை. மாதா சுரூபத்தின் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில் இருக்கிறதாம்.

மார்பகத்தில் உபாதைப்பட்ட வேதசாட்சி அர்ச். ஆகத்தம்மாள் இந்நோயால் வருந்துவோருக்குப் பாதுகாவலி. பிப்ரவரி 5-ம் தேதி அவளுடைய திருநாள். அன்று மட்டுமல்ல, இந்த வாரம் முழுவதும் உங்கள் குடும்ப ஜெபத்தில், நம் பங்கில் வெளியே சொல்லாமல் இந்நோவைச் சுமக்கிற சகோதரிகளுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அந்தக் கட்டி தெரிந்தும் பயத்தாலோ வெட்கத்தாலோ இன்னும் டாக்டரிடம் போகாதவள் உங்கள் வீட்டில் இருந்தால், ஜெபத்தோடு நிற்காமல், நாளைக்கே அவளை அழைத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் பங்குக் குரு